ஆனந்தி மாற்றி வைத்த மாத்திரை

அட்டைக்கடியைப் பற்றி ஆனந்தியக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் டாக்டர்களுக்குத் தெரியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சின்னக்கானலில் தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மழை பிடித்துவிட்டால் காலில் அட்டை ஏறும். சோப்பைத் தேய்த்துக்கொண்டு போவார்கள், புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு போவார்கள், அப்படியும் ஏறும். அக்கா முப்பத்து மூன்று வருடம் கொழுந்து கிள்ளியவள். கடிவாயைப் பார்த்தே அது காலையில் ஏறியதா, மதியம் ஏறியதா, ரத்தம் இன்னும் எவ்வளவு நேரம் கசியும் என்று சொல்லிவிடுவாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் பெண்கள் வேலை விட்டு வந்ததும் காலை நீட்டி அவளிடம் காட்டுவார்கள். அவளும் ஏதோ டாக்டரம்மா மாதிரி குனிந்து பார்த்து, "சோறு பொங்குறதுக்குள்ள நின்னுரும், போ" என்பாள். அநேகமாக அப்படியே நிற்கும்.

என் பெயர் முருகேஸ்வரி. அக்கா வீட்டுக்கு மேலே இருக்கிற லயத்தில்தான் பிறந்தேன். படித்து, மலையிறங்கி, மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்டேட் பக்கத்து நோயாளிகளின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய், மாத்திரை டப்பா கொடுத்து, பழைய டப்பாவில் மிச்சம் எத்தனை என்று எண்ணி எழுதி வருவது என் வேலை. இப்போது அந்த வேலையில் நான் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துபோனார். தம்பி பாண்டீஸ்வரனுக்கு அப்போது நாலு வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், தண்ணீர் தூக்கினாள், பதினெட்டு வயதில் காட்டு வேலைக்குப் பேர் கொடுத்தாள். அதே எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை பார்த்த சங்கையா அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, தம்பி கூடவே இருப்பான் என்பது. சங்கையா அண்ணன் வாய் அதிகம் இல்லாத மனிதர். சரி என்றார், கடைசிவரை அதை மாற்றவில்லை. பாண்டி அண்ணன் கல்யாணம் செய்து, அது நிலைக்காமல் போய், கொஞ்ச நாள் ஏழாம் நம்பர் லயத்தில் தனியாக இருந்து பார்த்தார். ரேஷன் கார்டு மட்டும் அங்கேயே இருக்க, ஆள் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அக்காவுக்கு ஒரு மகள். போடியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அந்த இரண்டு ஆண்களும் அவளும்தான்.

அந்த இரண்டு ஆண்களுக்கும் ஒரே வருடத்தில் மாரடைப்பு வந்தது. ஜனவரியில் சங்கையா அண்ணனுக்கு. மார்ச்சில் பாண்டி அண்ணனுக்கு, நாற்பத்து மூன்று வயதில். இருவருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு தடவையும் அக்கா வராந்தாவில் அதே தூணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை என்னைப் பார்த்து, "முருகேசு, எனக்குன்னு இருக்குறது இந்த ரெண்டு பேருதான். ரெண்டையும் ஒரே வருசத்துல எடுக்கப் பாக்குறானே" என்றாள். கடவுளைத்தான் சொன்னாள்.

ஆராய்ச்சி இதுதான். மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் உள்ளே உறையாமல் இருக்க இரண்டு விதமான மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒன்று பழையது, சின்னது. இன்னொன்று புதியது, வீரியமானது. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்குக் காவல், ஆனால் சிலருக்கு வயிற்றிலோ தலையிலோ ரத்தம் கசிந்துவிடும். அதனால் மூன்று மாதம் கழித்துப் பழையதை நிறுத்திவிட்டு வீரியமானதை மட்டும் கொடுத்தால் போதுமா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வீரியமான மாத்திரை வெளிப்படையாகவே கொடுப்போம். கூடவே எண் போட்ட ஒரு டப்பா. பாதிப் பேருடைய டப்பாவில் அந்தப் பழைய மாத்திரை இருக்கும், பாதிப் பேருடையதில் மருந்தே இல்லாத மாத்திரை இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒப்புதல் படிவத்தில் அந்த மருந்தில்லாத மாத்திரைக்கு 'மருந்துப்போலி' என்று போட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டினால் லயத்தில் ஒருவருக்கும் புரியாது. நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். அக்கா வீட்டில் மூவரையும் உட்கார வைத்து, கைக்கு ஒன்றாக இரண்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுல மருந்து இருக்கும், ஒண்ணுல வெறும் மாவு இருக்கும். எதுல எதுன்னு யாருக்கும் தெரியாது" என்றேன். ஊரில் உள்ள ஆயிரக்கணக்கான டப்பாக்களுக்குச் சொன்ன கணக்கு அது. அக்கா பார்த்தது என் கையில் இருந்த இரண்டு டப்பாவை. அந்த இரண்டும் அவள் வீட்டு அலமாரிக்குத்தான் போயின.

இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேரைச் சேர்க்கக்கூடாது என்று விதி இருந்தது. மாத்திரை மாறிப்போகும் என்பதற்காகத்தான் அந்த விதி. பாண்டி அண்ணன் பெயருக்கு ரேஷன் கார்டில் இருந்த ஏழாம் நம்பர் லயத்தை எழுதினேன். ஆராய்ச்சியில் இருந்தால் டாக்டர் அடிக்கடி பார்ப்பார், நம் ஆட்களுக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆள் சேர்க்கும் எண்ணிக்கையில் அந்த மாதம் நான்தான் முதலில் இருந்தேன் என்பதும் உண்மை.

ஜூனில் மழை பிடித்தது. மாரடைப்பு வந்தவர்கள் என்று எஸ்டேட்டில் இருவருக்கும் லேசான வேலையாக நாற்றுப்பண்ணையில் போட்டிருந்தார்கள். நிழல்வலைக்குக் கீழே ஈரம், குப்பை, முழங்காலளவு நாற்று. அட்டைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சாயங்காலம் மாமனும் மச்சினனும் வந்து படியில் உட்கார்ந்து காலைத் துடைப்பார்கள். பாண்டி அண்ணனின் கடிவாயில் ரத்தம் நிற்கவே நிற்காது. துணியை மாற்றி மாற்றிக் கட்டுவார். சங்கையா அண்ணனுக்கு டீ ஆறுவதற்குள் நின்றுவிடும்.

"மச்சானுக்கு ரத்தமே இல்ல போல. அட்டை ஏமாந்து போச்சு" என்று பாண்டி அண்ணன் கேலி செய்வார்.

"ஒன் ரத்தத்துல பாதி சரக்கு மாப்ள. அதான் மயங்கிக் கெடந்து குடிக்குது" என்பார் சங்கையா அண்ணன்.

இருவரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கத்தான் மாத்திரை என்று சொன்னவள் நான். தம்பிக்கு உறையவில்லை, ஆகவே தம்பியின் டப்பாவில் மருந்து. புருஷனுக்கு உடனே உறைகிறது, ஆகவே புருஷனுடைய டப்பாவில் மாவு. பதினோரு நாள் பார்த்தாளாம். பதினோரு நாளும் அப்படியே.

ஜூலை மாதம் நான் போனபோது என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "ஏத்தா முருகேசு, அவுகளுக்கு நீ மாவுதான குடுத்திருக்க?"

"யாருக்கும் தெரியாதுக்கா. எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். வேற டப்பா மாத்திக் குடு."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதுக்கா. எது வந்துச்சோ அதுதான்."

"அவுகளுக்கு அம்பத்தெட்டு வயசு. நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. மாவக் குடுத்தா என்னத்துக்கு ஆகும்?"

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது. சிரித்துவிட்டு, "பயப்படாதீங்கக்கா, வீரியமான மாத்திரை ரெண்டு பேருக்கும் தனியாக் குடுத்திருக்குல்ல" என்று சொல்லி, ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பாள்.

அன்றைக்கே அக்கா முதல் தடவை டப்பாவைத் திறந்தாள். முதலில் நியாயமாகத்தான் செய்தாள். ஒரு டப்பாவிலிருந்து பாதியை எடுத்து மற்றதில் போட்டு, அதிலிருந்து பாதியை இதில் போட்டாள். அவள் மனதில் இருவருக்கும் பாதி மருந்து, பாதி மாவு. வீட்டில் கறி ஆக்கினாலும் அவள் அப்படித்தான், இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போடுவாள்.

ஆகஸ்டில் சங்கையா அண்ணனுக்கு ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்கியது. இரண்டு நாள் படுத்திருந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் சளி என்றார்கள், உண்மையில் சளிதான். அக்கா அதை நம்பவில்லை. பாதி மருந்து பத்தவில்லை என்று முடிவு செய்தாள். அந்த மாதம் நான் கொடுத்துவிட்டு வந்த புது டப்பாக்களைத் திறந்து, இந்தத் தடவை பாதி பாதியாக இல்லை, மொத்தமாக மாற்றினாள். தம்பியுடையதெல்லாம் புருஷனுக்கு. புருஷனுடையதெல்லாம் தம்பிக்கு. செப்டம்பரிலும் அப்படியே, அக்டோபரிலும் அப்படியே. நான் எண்ணிப் பார்த்தபோதெல்லாம் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் எப்படிக் குறையும்? இந்த இருவரைப் போல ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் பட்டியலிலேயே இல்லை என்று ஆபீஸில் சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பாண்டி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லக்கா, வாயுவா இருக்கும்" என்று அக்காவிடம் சொன்னாராம். ஜீப்பில் ஏற்றினார்கள். கேப் ரோடு என்கிற மலைச்சாலையைத் தாண்டுவதற்குள் அக்கா மடியிலேயே முடிந்துவிட்டது.

ஆராய்ச்சியில் இருந்தவர் இறந்துபோனால் அவர் டப்பாவைத் திரும்ப வாங்கிக் கணக்கு முடிக்க வேண்டும். இப்படி ஒரு விதியை எழுதியவர் எந்த இழவு வீட்டுக்கும் போயிருக்க மாட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். சங்கையா அண்ணன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அக்கா உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அக்கா கையைக் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "எது வேணும் ஒனக்கு? அவன் பேரு எழுதுனதா, அவன் தின்னதா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அட்டை, பதினோரு நாள், பாதி பாதி, பிறகு மொத்தமும். அழாமல், நேற்று நடந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"நாலு வயசுல இருந்து நான் ஊட்டி வளத்த பய. அவன் வாயில இருந்து மருந்தப் புடுங்கி மாவப் போட்டேன். எம் புருசன் பொழைக்கணும்னு எந்தம்பியக் கொன்னுட்டேன், முருகேசு."

வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சங்கையா அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே வரவில்லை. "மாப்ள மருந்தத்தான் இத்தன நாளா நான் தின்னேனா?" என்று நின்ற இடத்திலிருந்தே ஒரு தடவை கேட்டார்.

அன்றிலிருந்து அவர் எந்த மாத்திரையையும் தொடவில்லை. வீரியமானதைக்கூட. ஸ்டென்ட் வைத்தவர் அதை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா தட்டில் சோறும் மாத்திரையும் வைப்பாள். அவர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிடுவார். ஐந்தாம் நாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். "இவுகளும் போயிருவாக. எனக்கு அதுதான் தண்டனை" என்றாள்.

நான் நேராக டிஜோ டாக்டரிடம் போனேன். எங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டவர் அவர். மாத்திரை மாறியதைச் சொன்னேன், நான் எழுதிய பொய் விலாசத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. குனிந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அட்டையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார். அட்டையின் எச்சிலிலேயே ரத்தத்தை உறையவிடாத ஒன்று இருக்கிறது, கடித்த இடமும் அட்டையும் மாறினால் நேரமும் மாறும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். அதோடு இருவருமே வீரியமான மாத்திரை சாப்பிட்டவர்கள். சங்கையா அண்ணன் கடிவாயில் சுண்ணாம்பு வைத்து அழுத்துவார், பாண்டி அண்ணன் சொறிந்துகொண்டே இருப்பார். நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னபோது எனக்கும் அது தோன்றவில்லை.

எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான் வைத்திருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் திறக்கலாம். சங்கையா அண்ணனை மாத்திரைக்குத் திருப்ப வேறு வழியில்லை என்று எழுதி, டாக்டர் அனுமதி வாங்கினார். இரண்டு நாளில் ஒரு தாள் வந்தது. அதில் இரண்டே வரி. படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் மூன்று தடவை படித்தேன். ஜீப் பிடித்து மலையேறும்போது எனக்கு ஒருவிதச் சந்தோஷம்கூட இருந்தது. அக்காவின் தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அதுவும் என் சாமர்த்தியம்தான்.

இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். இந்தத் தடவை கையில் டப்பா எதுவும் எடுக்கவில்லை. தாளை மட்டும் விரித்து, நிதானமாகச் சொன்னேன். சங்கையா அண்ணன் பெயரில் வந்த டப்பாவில் மருந்து இல்லை. பாண்டி அண்ணன் பெயரில் வந்ததிலும் மருந்து இல்லை. இரண்டும் ஒன்றுதான். இங்கே இருந்ததை அங்கே போட்டாலும், அங்கே இருந்ததை இங்கே போட்டாலும் எதுவும் மாறவில்லை. பாண்டி அண்ணனுக்குக் கிடைக்க வேண்டிய எதையும் யாரும் எடுக்கவில்லை.

சங்கையா அண்ணன் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். இரண்டு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து வீரியமான மாத்திரையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, விழுங்கினார். குழந்தை மாதிரி அழுதார். "மாப்ளயோடத நான் திங்கல" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

அக்கா அசையவில்லை.

"ரெண்டுலயும் மாவா?"

"ஆமாக்கா."

"ஒண்ணுல மருந்துன்னு சொன்ன."

"எல்லாருக்கும் சேத்துச் சொன்னதுக்கா அது. நான் சொன்ன விதம் தப்பு. நம்ம வீட்டுக்கு ரெண்டும் அப்படி வந்துருச்சு."

"அப்ப எந்தம்பி எதுனால செத்தான்?"

"டாக்டருக்கும் உறுதியாச் சொல்ல முடியலக்கா. பீடிய விடல, குடியும் விடல. இன்னொரு குழாய் அடைச்சிருக்கலாம்ங்கிறாரு. அந்தப் பழைய மாத்திரை இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆனா ஒங்களால இல்ல. அது மட்டும் உறுதி. நீங்க மாத்துனதுல எதுவுமே மாறல."

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெளியவில்லை. அவள் எழுந்து அந்த இரண்டு டப்பாவையும் எடுத்து வந்து என் பையில் வைத்தாள். பையின் ஜிப்பைக்கூட அவளே இழுத்து மூடினாள். மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரிய வேண்டுமே என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"மாவுன்னு நீ இன்னைக்கு வந்து சொல்லுற, முருகேசு. நான் அவங்கிட்ட இருந்து எடுக்கையில அது மருந்து."